கட்டிய துணையிடம் மறைக்கும் குடும்ப ரகசியம்: ஃபேண்டஸி கதை எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டில் பாண்டு தனக்குப் பிள்ளையில்லையே என்று குந்தியிடம் அழாத குறையாகப் பேசுகிறான். சாபம் அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அப்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். சின்ன வயதில் துர்வாசர் எனக்கொரு மந்திரம் சொல்லிக் கொடுத்தார், எந்தத் தேவனை நினைத்துச் சொன்னாலும் அவன் வந்து நிற்பான் என்கிறாள். பாண்டுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மந்திரத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்ததும், பிறந்த பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டதும் அவன் சாகும்வரை அவன் காதுக்கு வரவில்லை. மந்திரத்தைச் சொன்னாள், மகனைச் சொல்லவில்லை.

கணவன் மனைவிக்குள் மறைபொருளை எழுத நினைக்கும் எல்லோருக்கும் இந்த ஒரு இடத்தைத்தான் முதலில் காட்டுவேன். பொய்யே சொல்லாமல், உண்மையில் பாதியை மட்டும் எடுத்து நீட்டுவது. அதுவும் துணைக்கு அது ரொம்பத் தேவைப்படும் நேரம் பார்த்து.

ஃபேண்டஸி எழுத வருகிறவர்களில் பலர் ரகசியத்தைப் பெரிதாக்குவதிலேயே முழு உழைப்பையும் போட்டுவிடுகிறார்கள். அரச ரத்தம், அசுர வம்சம், ஏழு தலைமுறைச் சாபம். நான் வாசித்த வரையில் ரகசியத்தின் அளவு கதையைத் தூக்கி நிறுத்துவதில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அதை நாள்தோறும் மறைக்க ஒரு மனுஷி என்ன பாடு படுகிறாள் என்பதுதான் கதை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பாட்டை எழுதுவதற்கானவை.

முதல் படி: ரகசியம் யாருடையது?

தனி மனிதரின் ரகசியம் வேறு, குடும்ப ரகசியம் வேறு. கர்ணன் குந்தி ஒருத்தியின் ரகசியம். அவள் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம், குறுக்கே நிற்க ஆள் கிடையாது. குடும்ப ரகசியம் அப்படியல்ல. அதைத் துணையிடம் சொல்கிறவர் தன் அம்மாவை, அண்ணனை, செத்துப்போன பாட்டியை எல்லாம் காட்டிக்கொடுக்கிறார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் இழுபடுகிற நிலைமை. நம் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அவர்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

அதனால் எழுத உட்காரும் முன் ஒரு வரி எழுதுங்கள்: "இதைச் சொன்னால் இன்னார் பாதிக்கப்படுவார்." அந்த இன்னாருக்கு ஒரு முகம் வேண்டும், பெயர் வேண்டும். "உலகம் அழியும்" என்று எழுதினால் போதாது. உலகத்துக்கு முகம் கிடையாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு மாதிரிக் கதையைக் கூடவே கூட்டி வருகிறேன். அல்லி என்றொரு பெண். அவள் பிறந்த வீட்டில் எட்டுத் தலைமுறையாக ஒரு விளக்கு எரிகிறது. அதன் சுடருக்குள் இறந்துபோன பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அணைந்தால் எட்டுப் பேரும் அடியோடு இல்லாமல் போவார்கள். அமாவாசைக்கு அமாவாசை குடும்பத்தின் மூத்த பெண் தன் ஞாபகத்தில் ஒன்றை எண்ணெயாக அதில் வார்க்க வேண்டும். வார்த்த ஞாபகம் திரும்பி வராது. அல்லிக்குக் கல்யாணமானபோது அந்த விளக்கு சீர்வரிசையோடு மாறன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தம்பி பெண்டாட்டி ரொம்பப் பக்தியான பெண் என்று மாறனின் அக்கா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள்.

இரண்டாம் படி: ரகசியத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

பிரான்ஸ் நாட்டுப் புவாத்து வட்டாரத்தில் மெலுசீன் என்ற பெண்ணின் கதை உண்டு. ழான் தராஸ் என்பவர் பெர்ரி கோமகனுக்காக 1393 வாக்கில் அதை உரைநடையாக எழுதி முடித்தார். மெலுசீன் கட்டிக்கொள்ளும் முன் ரேமோந்தனிடம் ஒரே ஒரு வாக்கு வாங்குகிறாள்: சனிக்கிழமை என்னைத் தேடக் கூடாது. அன்றைக்கு அவள் இடுப்புக்குக் கீழே பாம்பு. கதவைச் சாத்திக்கொண்டு தொட்டியில் குளிக்கிறாள். மற்ற ஆறு நாளும் கோட்டை கட்டுகிறாள், ஊர் எழுப்புகிறாள், பத்துப் பிள்ளை பெறுகிறாள்.

இந்தக் கதை அறுநூறு வருஷமாக நிற்பதற்கு முக்கியக் காரணம் அந்தச் சனிக்கிழமை என்று நினைக்கிறேன். கிழமை குறித்துவிட்டால் ரகசியம் வீட்டு நடைமுறைக்குள் வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 52. பத்து வருஷத் தாம்பத்தியத்தில் ஐந்நூறு தடவைக்கு மேல் அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அன்றைக்கு விருந்தாளி வந்தால்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? கணவன் ஊரிலிருந்து ஒரு நாள் முன்னாடியே திரும்பிவிட்டால்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு காட்சி.

உங்கள் கதைக்கும் இப்படி ஒரு அட்டவணை போடுங்கள். என்ன வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், என்ன பொருள் வேண்டும், அந்தப் பொருளை வீட்டில் எங்கே ஒளிப்பது, என்ன வாசனை வரும், யார் எழுந்துவிடுவார்கள். அல்லிக்குப் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 124 அமாவாசை. அத்தனை ஞாபகம் போய்விட்டது.

விலையும் இங்கேயே முடிவாக வேண்டும். அந்த விலை கல்யாணத்திலிருந்து கழிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அல்லி முதலில் சின்ன வயசு ஞாபகங்களைக் கொடுத்துப் பார்க்கிறாள். பள்ளிக்கூடம், ஊஞ்சல், செத்துப்போன நாய்க்குட்டி. எட்டாம் வருஷம் அந்தப் பெட்டி காலி. இனி எடுத்தால் மாறனோடு வாழ்ந்த நாட்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கதையைத் தொடங்குவேன். கல்யாண நாளில் தொடங்க மாட்டேன்.

மூன்றாம் படி: ஏன் சொல்லவில்லை?

வாசகர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே" என்று சலித்துக்கொண்டால் தோற்றுவிட்டீர்கள். மந்திரத் தடை, சத்தியம், தெய்வ வாக்கு எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி தெரியும். அவை பூட்டு மட்டுமே. பூட்டுக்குப் பின்னால் ஒரு மனிதக் காரணமும் இருக்க வேண்டும்.

அல்லி வீட்டில் மருமகன்களுக்குச் சொல்லக் கூடாது என்ற விதிக்குக் காரணம் உண்டு. மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு மருமகனுக்குத் தெரிந்துபோனது. அவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டி தன்னை மறந்துகொண்டே போவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ராத்திரி விளக்கை ஊதிவிட்டான். அதற்கு முந்தைய தலைமுறைகள் அத்தனையும் அன்றைக்கே போய்விட்டதாகவும், இப்போது எட்டு என்று சொல்வதே வெறும் பேச்சு என்றும் குடும்பத்துக்குள் முணுமுணுப்பு உண்டு. ஆக, பாசம் இல்லாதவனிடம் தாராளமாகச் சொல்லலாம். பாசமுள்ளவனிடம்தான் சொல்லக் கூடாது. மாறன் அவளை எவ்வளவுக்கு எவ்வளவு நேசிக்கிறானோ அவ்வளவுக்கு அவள் வாய் அடைபடுகிறது. இப்படியொரு காரணம் கிடைத்துவிட்டால் கதை தானாக நடக்கும்.

இன்னொன்று. காரணம் வருஷத்துக்கு வருஷம் மாறும். முதல் வருஷம் பயம். மூன்றாம் வருஷம் பழக்கம். பத்தாம் வருஷம், "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்ற கேள்வியைச் சந்திக்க முடியாது என்பதே காரணமாகிவிடும். மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நான்காம் படி: துணையை முட்டாளாக்காதீர்கள்

வரைவுகளில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். பத்து வருஷம் கூட வாழ்ந்தவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அவர் கதாபாத்திரமே இல்லை, வீட்டு மரச்சாமான்.

சந்தனுவைப் பாருங்கள். என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கங்கை வந்தாள். ஏழு பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டாள். ஏழு தடவை அவன் கரையில் நின்றான். எட்டாவதில்தான் வாய் திறந்தான். நமக்குக் கங்கையின் ரகசியம், வசுக்களின் சாபம் எல்லாம் கடைசியில் தெரிந்துவிடுகிறது. அந்த ஏழு மௌனம் எப்படிப்பட்டது என்பது தெரிவதில்லை. நாலாவது பிள்ளைக்கும் ஐந்தாவது பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாதாரண ராத்திரியில் அவன் அவள் பக்கத்தில் எப்படிப் படுத்திருந்தான்? ஃபேண்டஸி எழுத வருகிறவர் உட்கார வேண்டியது அந்த இடத்தில்.

ரேமோந்தனும் அப்படித்தான். அண்ணன்காரன் வந்து, சனிக்கிழமை உன் பெண்டாட்டி யாரோடு இருக்கிறாள் என்று ஊர் பேசுகிறது என்று மூட்டிவிடுகிறான். ரேமோந்தன் போய் வாள் முனையால் கதவில் துளை போட்டுப் பார்த்துவிடுகிறான். பார்த்ததும் என்ன செய்கிறான் தெரியுமா? அந்தத் துளையை மெழுகு வைத்து அடைக்கிறான். அண்ணனை விரட்டிவிடுகிறான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் அவன் பார்த்தது தெரியும், அவளும் பேசவில்லை. வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். மெழுகால் அடைத்த அந்தத் துளையைப் போல ஒரு பொருள் உங்கள் கதையில் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இப்போது ரகசியம் இரண்டு: அவளுடையது ஒன்று, தனக்குத் தெரியும் என்ற அவனுடையது இன்னொன்று.

எனவே துணைக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். அவர் எதை, எப்போது கவனித்தார், அதற்குத் தனக்குத்தானே என்ன சமாதானம் சொல்லிக்கொண்டார் என்று வரிசையாக எழுதுங்கள். அந்த நோட்டில் பாதி கதைக்குள் வராமலே போகலாம், பரவாயில்லை.

மாறனின் நோட்டிலிருந்து ஒரு காட்சி. ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஓடத்துறையில முதல் தடவை உன்னப் பாத்தப்ப நுங்கு வாங்கிக் குடுத்தனே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அப்படி ஒரு நுங்கு அப்புறம் சாப்பிடவே இல்லங்க."

மாறன் பேசாமல் இருக்கிறான். அன்றைக்கு அவள் நுங்கை வாங்கி, அவன் முகத்தைப் பார்த்தபடியே தண்ணீரில் வீசிவிட்டுப் போனாள். அந்தத் திமிருக்காகத்தான் அவளைத் தேடிப் போய்ப் பெண் கேட்டான். இதை இருபது தடவையாவது இரண்டு பேரும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அவன் சோதித்துப் பார்க்கிறான். "மலைக்கோயில் திருவிழாவுல நீ தொலைஞ்சுபோயி நான் தேடினேனே, ஐயோ, அன்னைக்கு என் உயிரே போயிருச்சு."

"ஆமாங்க. எனக்கும் ரொம்பப் பயமாயிருச்சு."

அவர்கள் மலைக்கோயிலுக்குப் போனதே இல்லை.

இந்தக் காட்சியில் மந்திரம் கிடையாது, விளக்குகூடக் கிடையாது. "ஆமாங்க" என்ற ஒரு சொல்தான். அல்லி நூறு தடவை அந்தச் சொல்லால் தப்பித்திருக்கிறாள். மறைக்கிறவரின் பொய்கள் இப்படித்தான் இருக்க வேண்டும். நீளமான கட்டுக்கதை சொல்லும் மனைவியை யாரும் நம்ப மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் இசைந்துபோகிறவளை எல்லோரும் நம்புவார்கள்.

மாறன் கேட்டுவிடவில்லை. அடுத்த நாள் ராத்திரி பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பிக்கிறான். "ஒரு ஊர்ல ஒரு திமிரு புடிச்ச பொண்ணு. ஓடத்துறையில ஒருத்தன் நுங்கு வாங்கிக் குடுத்தான்..." அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் அல்லி கை நின்றுபோய்க் கேட்கிறாள். தன் கதை என்று தெரியாமலே அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போகிறது.

ஐந்தாம் படி: வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?

ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதி, தெரிந்தவர், அரைகுறையாகத் தெரிந்தவர், தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவர் என்று குறியுங்கள். கூட்டுக்குடும்பமாக இருந்தால் கதைக்குக் கொள்ளை லாபம். மாமியாருக்கு முதல் அமாவாசையிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ரகசியம் ரத்தத்தில் இருந்தால் அது பிள்ளை முகத்தில் எழுதியிருக்கும். மெலுசீன் பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்குக் காட்டுப்பன்றிக்குப் போல நீண்ட பல், ஒருவன் கன்னத்தில் சிங்கத்தின் பாதம் பதிந்த தழும்பு, ஒருவனுக்கு மூன்று கண். தகப்பன் தினமும் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டான்.

பிள்ளை வாயிலிருந்துதான் ரகசியம் கசியும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஒரு கதை இருக்கிறது. கடல்நாய்த் தோலைக் கழற்றிவைத்த பெண்ணின் தோலை ஒருவன் எடுத்து ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொள்கிறான். இங்கே மறைக்கிறவன் கணவன். ஏழு பிள்ளை பிறக்கிறது. அவள் வீடெல்லாம் தேடுகிறாள். ஒரு நாள் எல்லோரும் வெளியே போய்விட, கால் புண்ணோடு வீட்டில் தங்கிய கடைசிப் பெண், "என்ன தேடறே அம்மா?" என்கிறாள். அப்பா நான் தூங்குறதா நெனச்சு, கட்டிலுக்கு மேலே கூரை இடுக்கிலேர்ந்து ஒரு தோலை எடுத்துப் பார்த்தார் என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சிறுமியின் கால்புண்ணைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் அவளும் மற்றவர்களோடு வெளியே போயிருப்பாள். நல்ல கதைசொல்லிகள் தற்செயலைக்கூட இப்படித்தான் உடம்புக்குள் வைக்கிறார்கள்.

ஆறாம் படி: வாசகருக்கு எப்போது சொல்வது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறைக்கிறவரின் மனசுக்குள்ளிருந்து கதை சொன்னால் வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட வேண்டும். "நான்" என்று பேசுகிற அல்லி விளக்கைப் பற்றி 200 பக்கம் நினைக்காமலே இருந்தால் அது ஏமாற்று வேலை. ரகசியம் வாசகருக்கும் மர்மமாக இருக்க வேண்டுமென்றால் துணையின் பக்கம் போய் உட்காருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லலாம், ஆனால் கை பழகியவர்களுக்கே அது சரிப்படும்.

மூன்றாவதாக ஒரு வழி ஜப்பானியப் பனிப்பெண் கதையில் இருக்கிறது. லாஃப்காடியோ ஹெர்ன் அதை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பனிப்புயல் ராத்திரியில் மினோகிச்சி என்ற இளைஞன் கண்முன்னால் ஒரு வெள்ளைப் பெண் மூச்சு ஊதி, கூட இருந்த பெரியவரைக் கொல்கிறாள். இவனை விட்டுவிட்டு, யாரிடமாவது சொன்னால் கொன்றுவிடுவேன் என்கிறாள். பிறகு அவன் ஒரு பெண்ணைக் கட்டிப் பத்துப் பிள்ளை பெறுகிறான். ஒரு ராத்திரி விளக்கொளியில் தைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பழைய ஞாபகம் வந்து சொல்லிவிடுகிறான். அவள்தான் இவள். யாரிடமிருந்து மறைத்தானோ அவளே அந்த ரகசியம். அவன் மறைப்பது வாசகருக்கு முதலிலேயே தெரியும், அவள் மறைப்பது கடைசியில்தான் தெரியும்.

ஏழாம் படி: உடைகிற இடம்

ஒட்டுக்கேட்டது, கடிதம் கைமாறியது, பழைய பெட்டியில் படம் கிடைத்தது போன்றவற்றை முடிந்தவரை தவிருங்கள். ரகசியம் அதன் சொந்த விதியாலேயே உடைய வேண்டும். அல்லியின் விளக்கு ஞாபகத்தைத் தின்கிறது, ஆகவே மறதியால் மாட்டிக்கொள்கிறாள். வேறெதனாலும் அவள் மாட்டக் கூடாது.

உடைவது ஒரே தடவையில் நடக்க வேண்டியதுமில்லை. ரேமோந்தன் பார்த்த அன்று ஒன்றும் முடியவில்லை. பிறகு அவர்கள் மகன் ழெஃப்ருவா ஒரு மடாலயத்தைத் தீ வைத்துக் கொளுத்துகிறான். அதில் துறவியாக இருந்த சொந்தத் தம்பியும் வெந்து சாகிறான். துக்கத்திலும் கோபத்திலும் ரேமோந்தன் எல்லோர் முன்னிலையிலும் மெலுசீனைப் பாம்பே என்று திட்டிவிடுகிறான். அப்போதுதான் அவள் ஜன்னல் வழியாகப் பறந்து போகிறாள். அவன் கண் பார்த்ததை அவள் மன்னித்தாள். நாலு பேர் முன்னால் வாய் சொன்னதை மன்னிக்க வழியில்லாமல் போய்விட்டது. உங்கள் கதையிலும் தெரிந்துபோவதை ஒரு காட்சியாகவும், சொல்லிவிடுவதை வேறொரு காட்சியாகவும் பிரித்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற காலம் பொன் மாதிரி.

எட்டாம் படி: உடைந்த பிறகு

பெரும்பாலான கதைகள் ரகசியம் வெளிப்பட்டதும் சண்டைக்கோ சமாதானத்துக்கோ ஓடிவிடுகின்றன. பழைய கதைகள் அப்படி ஓடவில்லை.

712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற ஜப்பானியப் பழங்கதை நூலில் கடல் தேவனின் மகள் தோயோதமா பிள்ளை பெறக் கரைக்கு வருகிறாள். நீர்க்காக்கை இறகால் பிரசவக் குடிலுக்குக் கூரை வேய்கிறார்கள். வேய்ந்து முடிவதற்குள் வலி வந்துவிடுகிறது. பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறாள், கணவன் பார்த்துவிடுகிறான், உள்ளே ஒரு கடல் விலங்கு புரண்டுகொண்டிருக்கிறது. வெட்கம் தாளாமல் கடலுக்கான வழியை அடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஆனால் பிள்ளையை வளர்க்கத் தன் தங்கையை அனுப்பிவைக்கிறாள், அவள் கையில் கணவனுக்கு ஒரு பாட்டும் கொடுத்துவிடுகிறாள். அவனும் பாட்டாலேயே பதில் அனுப்புகிறான். பிள்ளைக்கோ, வேய்ந்து முடியாத அந்த இறகுக் கூரைதான் பெயர். மெலுசீனும் போனவள் போனவளாக இருக்கவில்லை. ராத்திரியில் வந்து கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனதைத் தாதிகள் பார்த்தார்கள்.

நம் மணிமேகலையில் பீலிவளை என்ற நாகநாட்டு இளவரசி புகாரின் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு ஒரு மாதம் இருந்துவிட்டு, தான் யாரென்று சொல்லாமலே போய்விடுகிறாள். பிறந்த மகனை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள். கப்பல் கவிழ்கிறது. மகனைத் தேடி அலைந்த அரசன் இந்திரவிழாவை மறக்கிறான், ஊரைக் கடல் கொள்கிறது. ஒரு மாத உறவில் சொல்லாமல் விட்ட ஒரு பெயர், பட்டினத்தையே இழுத்துக்கொண்டு போகிறது. ஃபேண்டஸியில் வீட்டு ரகசியத்தை நாட்டுக் கதையோடு முடிச்சுப் போட விரும்புகிறவர்கள் அந்தக் காதைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். எல்லாம் வெளிப்பட்ட மறுநாள் காலையை முதலில் எழுதிவிடுங்கள். யார் முதலில் எழுந்தார், யார் அடுப்பு மூட்டினார், பிள்ளைகளிடம் யார் பேசினார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள். அது கிடைத்த பிறகு பின்னோக்கிப் போய் மற்றதைக் கட்டலாம். அல்லியின் கதையில் எனக்கு முதலில் வந்ததும் அந்தக் காலைதான். விடிந்தும் விடியாத நேரம், விளக்கு இன்னும் எரிகிறது. மாறன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், ஊதவில்லை. அல்லி வாசற்படியில் நிற்கிறாள்.

"நேத்து எதைக் குடுத்தே?"

"தெரியலைங்க. குடுத்தது தெரியாது."

அவன் கொஞ்ச நேரம் சுடரைப் பார்க்கிறான். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விடுகிறான். "உக்காரு. முதல்லேர்ந்து சொல்றேன். எது புதுசாத் தெரியுதோ அங்க நிறுத்து."